மீண்டெழுதல்: ஒரு சொல்லின் வரலாறும் அது எழுப்பும் வினாவும்

துன்பத்தில் வீழ்ந்து மீண்டும் எழுந்தவரைப் பாராட்ட ஆங்கிலத்தில் 'ரெஸிலியன்ஸ்' என்றொரு சொல் வழங்குகிறது. தமிழில் அதனை மீள்திறன் என்றும், மீண்டெழும் ஆற்றல் என்றும் பெயர்த்து எழுதி வருகிறார்கள். வெள்ளம் வடிந்த மறுநாளே சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அடுப்பு மூட்டும் குடும்பத்தைப் பற்றியும், கணவனை இழந்தபின் தையல் இயந்திரத்தை மிதித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த தாயைப் பற்றியும் பேசும்போது இச்சொல் தானே நாவில் வந்து நிற்கிறது. அரசுகளின் திட்ட அறிக்கைகளிலும், உளநூலாரின் ஆய்வுரைகளிலும், விழா மேடைகளிலும் இதற்கு இன்று தனி மதிப்பு உண்டு.

புகழ்ச்சிச் சொற்களை நாம் அவ்வளவாக ஆராய்வதில்லை. வசைச் சொல்லாயின், அது தகுமா தகாதா என்று நின்று கேட்கிறோம். புகழ்ச்சியையோ வந்த வழியே ஏற்றுக்கொள்கிறோம். ஆயினும், ஒருவரைப் புகழ்ந்ததையே சாக்காகக் கொண்டு அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிடவும் கூடும். இச்சொல் எங்கே பிறந்தது, எவ்வெவ் வழியாக நடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது என்று பார்த்தால், அத்தகைய ஆபத்து ஒன்று இதற்குள் இருப்பது விளங்கும்.

குதித்தலும் பின்வாங்கலும்

இச்சொல்லின் தாயகம் லத்தீன் மொழி. அம்மொழியில் 'ஸலீரே' என்பது குதித்தலைக் குறிக்கும் வினை. அதன் முன்னே 'ரெ' என்னும் ஒட்டு சேர்ந்தால் பின்னோக்கிக் குதித்தல், துள்ளித் திரும்புதல் என்று பொருள் தரும். இதே குடும்பத்தில் பிறந்த வேறு சொற்களும் நமக்குத் தெரிந்தவையே. அவமதிப்பைக் குறிக்கும் 'இன்ஸல்ட்' என்னும் ஆங்கிலச் சொல், ஒருவர் மேல் பாய்தல் என்னும் பொருளிலிருந்து வந்தது. விளைவைக் குறிக்கும் 'ரிஸல்ட்', ஒரு செயலிலிருந்து திரும்பத் துள்ளி வருவது. பெருமகிழ்ச்சியைக் குறிக்கும் 'எக்ஸல்ட்', துள்ளி எழுதல். ஒரே குதிப்பு, குதிக்கும் திசைக்கேற்ப வசையாகவும் விளைவாகவும் மகிழ்வாகவும் ஆகிவிட்டது.

ரோமானியப் புலவர் ஓவிட், ஏறத்தாழ கி.பி. 8-ஆம் ஆண்டில் முடித்த 'உருமாற்றங்கள்' என்னும் காப்பியத்தின் ஆறாம் பகுதியில் இவ்வினையை ஆள்கிறார். கதை இது: லாட்டோனா என்னும் தேவதை இரு கைக்குழந்தைகளுடன் வெயிலில் அலைந்து, தாகத்தோடு ஒரு குளக்கரைக்கு வருகிறாள். அங்கே நாணல் அறுத்துக் கொண்டிருந்த குடியானவர்கள் அவளுக்குத் தண்ணீர் தர மறுக்கிறார்கள். அதோடு நில்லாமல், குளத்தில் இறங்கிக் குதித்து அடிச்சேற்றைக் கலக்கி, நீரைக் குடிக்க முடியாமலும் செய்கிறார்கள். அவளுடைய சாபத்தால் அவர்கள் தவளைகளாகிறார்கள். கரையேறுவதும், மீண்டும் குளிர்ந்த குளத்துக்குள் குதிப்பதுமே பிறகு அவர்களுடைய வாழ்வு. அந்தத் திரும்பக் குதித்தலைச் சொல்லும் இடத்தில்தான் நாம் ஆராயும் வினைச்சொல் வருகிறது. தாகித்து வந்தவளுக்குத் தண்ணீர் மறுத்தவர்கள், தாம் கலக்கிய சேற்றுக்கே திரும்பிக் குதிக்கிறார்கள். இன்று வீரத்துக்குப் பட்டமாகச் சூட்டப்படும் சொல்லின் மூலவினை அன்று தவளைக் குதிப்பையும் குறித்தது.

சட்டத்தின் வழியில் சென்றபோது இச்சொல் இன்னொரு முகம் கொண்டது. பிரெஞ்சு மொழியில் ஒப்பந்தத்தை முறித்தலுக்கு 'ரெஸிலியே' என்று பெயர். ஆங்கிலத்தில் 'ரிஸைல்' என்பது, கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்குதல். 1656-இல் தாமஸ் பிளவுண்ட் வெளியிட்ட 'குளோஸோகிராஃபியா' என்னும் அகராதி, துள்ளித் திரும்புதல், சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குதல் ஆகிய இரு பொருள்களையும் இச்சொற்குடும்பத்துக்குத் தருகிறது. இந்திய நீதிமன்றங்களின் தீர்ப்புகளிலும் இவ்வழக்கு இன்றளவும் உண்டு. முன்னர்க் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சி ஒருவர் கைவிட்டுப் பிறழ் சாட்சி ஆகும்போது, அவர் தம் கூற்றிலிருந்து 'ரிஸைல்' செய்தார் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள்.

ஆகவே, இடிந்த வீட்டை மறுபடி எழுப்புகிறவனுக்கும், கொடுத்த வாக்கைக் காற்றில் விடுகிறவனுக்கும் சொல் அளவில் ஒரே வேர்தான். திரும்புதல் என்பது தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. எதிலிருந்து, எதற்குத் திரும்புகிறோம் என்பதைக் கொண்டே அதற்கு அறமதிப்பு உண்டாகிறது. இச்சொல்லின் பழைய வரலாறு தரும் முதற் பாடம் இது.

மரமும் இரும்பும் சொல்வன

அறிவியலுக்குள் இச்சொல் ஓசையின் துணை கொண்டு நுழைந்தது எனலாம். 1626-இல் மறைந்த பிரான்சிஸ் பேக்கன், தம் மறைவுக்குப் பின் வெளிவந்த 'ஸில்வா ஸில்வாரம்' என்னும் நூலில், எதிரொலி திரும்பி வருவதைப் பற்றி எழுதுமிடத்தில் 'ரெஸிலியன்ஸ்' என்னும் சொல்லை ஆண்டார். சுவரில் மோதிய குரல் திரும்பி நம் காதுக்கே வருவதைக் குறிக்க அச்சொல் அவருக்குப் பயன்பட்டது.

பின்னர் இது கட்டடக் கலைஞர்களின் கைக்கு வந்தது. 1818-இல் தாமஸ் டிரெட்கோல்ட் என்னும் ஆங்கிலப் பொறியாளர், மரங்களின் வலிமையைப் பற்றிய கட்டுரை ஒன்றில் இச்சொல்லைத் துறைச் சொல்லாகக் கையாண்டார். சில மரங்கள் திடீரென்று விழும் பெருஞ்சுமையையும் ஒடியாமல் தாங்கிக்கொள்வது எவ்வாறு என்பதே அவர் விளக்க முனைந்தது. அதற்கு முன்பே, 1678-இல், ராபர்ட் ஹூக் சுருள்வில்லைப் பற்றிய தம் விதியை விளக்கியிருந்தார். இழுக்கும் விசை எவ்வளவோ அதற்கேற்ற அளவே வில் நீள்கிறது. விட்டால் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பள்ளிப் பாடநூல்கள் இதனை மீட்சிப் பண்பு என்கின்றன. மீட்சிப் பண்புள்ள ஒரு பொருள், நிலையாக உருக்குலையாமல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கிக்கொண்டு திருப்பித் தர முடியுமோ, அந்த அளவையே பொறியாளர்கள் 'ரெஸிலியன்ஸ்' என்று கணக்கிடுகிறார்கள்.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். பொறியாளர் இச்சொல்லைத் தனியாகச் சொல்வதில்லை. மீட்சி எல்லை என்னும் இன்னொரு சொல்லோடு சேர்த்தே சொல்வார். அந்த எல்லைக்குள் சுமை இருக்கும்வரைதான் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பும். எல்லையைக் கடந்தால் சுமையை எடுத்தபின்னும் அது நீண்டபடியே நிற்கும். மேலும் ஏற்றினால் அறும். அறுந்த கம்பியைப் பார்த்து, உனக்கு உறுதி போதவில்லை என்று எந்தப் பொறியாளரும் குறை கூறுவதில்லை. சுமையைத் தவறாகக் கணக்கிட்டவர் யார் என்றே கேட்பார்.

இன்னும் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், ரயில் வண்டிகளின் அச்சுகள் காரணம் புலப்படாமல் முறிந்தன. அவற்றின் மீது ஏறிய சுமையோ, ஒரு முறை ஏற்றினால் அவை எளிதாகத் தாங்கக்கூடிய சுமைதான். ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ஆண்டுக்கணக்கில் சோதனை செய்து உண்மையைக் கண்டார். தாங்கத்தக்க சுமையாயினும், அது ஓயாமல் மாறி மாறி வந்து தாக்கினால், இரும்பின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு பிளவு தோன்றி வளர்கிறது. ஒரு நாள் அச்சு முறிகிறது. உலோகத்துக்கும் அயர்ச்சி உண்டு என்று பொறியியல் ஒப்புக்கொண்டது இவ்வாறுதான். சுமையை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்துவிட்டால் அந்த எஃகு எத்தனை முறை சுழன்றாலும் முறிவதில்லை என்பதையும் வோலரின் சோதனைகள் காட்டின.

இரும்புக்கு நாம் காட்டும் இந்த நீதியை மனிதருக்குக் காட்டுகிறோமா? நேற்றுத் தாங்கினாள், அதற்கு முந்திய ஆண்டும் தாங்கினாள், ஆகவே இதையும் தாங்குவாள் என்று ஒரு பெண்ணைப் பற்றிக் குடும்பத்தில் எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிடுகிறோம்! நேற்றுத் தாங்கியதே இன்று தாங்குவாள் என்பதற்குச் சான்றாகி விடுகிறது. வோலரின் அச்சுகளும் முறிவதற்கு முந்தைய நாள் வரை தாங்கியவையே.

காடும் ஏரியும்

1973-இல் கனடா நாட்டு உயிரியலார் ஹாலிங் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கைச் சூழலில் நிலைத்தன்மை வேறு, மீள்திறன் வேறு என்பது அதன் சாரம். கிழக்குக் கனடாவின் காடுகளில் ஊசியிலை மரங்களின் மொட்டுகளை அரிக்கும் புழு ஒன்று சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பெருகி, பால்ஸம் ஃபிர் என்னும் மரங்களைப் பெருமளவில் அழிக்கிறது. அவ்வழிவில் வேறு மரங்களுக்கு இடம் கிடைக்கிறது. பிறகு ஃபிர் மரம் மீண்டும் தழைக்கிறது. அளவெடுத்துப் பார்த்தால் அக்காடு ஒரு நிலையில் நிற்பதே இல்லை. ஆனால் காடாகவே நீடிக்கிறது. பழைய புள்ளிக்கே திரும்புதல் மீட்சிக்கு இலக்கணம் அன்று, அழிவுக்கும் மாற்றத்துக்கும் இடையே தன் இயல்பை இழக்காதிருத்தலே இலக்கணம் என்று இதனால் பொருள் விரிந்தது.

இவ்வழியில் சென்ற ஆய்வுகள் இன்னொரு கசப்பான உண்மையையும் காட்டின. கெட்ட நிலைக்கும் மீள்திறன் உண்டு. கழிவும் உரமும் கலந்து பாசி பிடித்துக் கலங்கிய ஏரியை எண்ணிப் பாருங்கள். கழிவு வருவதை நிறுத்திய பின்னும் அது எளிதில் தெளிவதில்லை. அடிமண்ணில் படிந்துவிட்ட சத்து மேலே வந்து மேலும் கலக்குகிறது. சமுதாயத்திலும் இதனைக் காண்கிறோம். 1961-இல் இந்தியாவில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. கைக்கூலி என்று நம்மிடையே வழங்கிய அவ்வழக்கம், சட்டத்துக்கும் மேடைக் கண்டனங்களுக்கும் பின்னர், அன்பளிப்பு என்றும் சீர் என்றும் பெயர் மாற்றிக்கொண்டு எத்தனை முறை மீண்டெழுந்தது! மீண்டெழுவதெல்லாம் போற்றத் தக்கது என்றால் அதனையும் போற்ற வேண்டியிருக்கும்.

மீண்ட பிள்ளைகள்

மனித உள்ளத்துக்கு இச்சொல்லைப் பொருத்திப் பார்த்தவர்களுள் எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் ஆகிய இருவரும் குறிப்பிடத் தக்கவர்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை அவர்கள் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பேறுகாலத் துன்பம், பெற்றோரின் பிணக்கு, குடிப்பழக்கம், மனநோய் எனப் பல கேடுகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், திறமையும் நம்பிக்கையும் பிறர்மேல் பரிவும் உடையவர்களாக வளர்ந்தார்கள். பதின்வயதில் தடுமாறியவர்களுள்ளும் பெரும்பாலோர் நடுவயதுக்குள் வாழ்வைச் சீராக்கிக் கொண்டார்கள்.

இச்செய்தியைக் கேட்டவர்கள், அப்பிள்ளைகளின் உள்ளுறுதியே காரணம் என்று எண்ணக்கூடும். அவர்களுடைய இயல்புக்கும் அதில் பங்கு இருந்தது உண்மையே. ஆனால் ஆய்வில் தெளிவாகத் தெரிந்த மற்றொரு காரணம் உண்டு. மீண்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும், தம்மைப் பாசத்தோடு ஏற்றுக்கொண்ட பெரியவர் ஒருவரேனும் இருந்தார். தாய் தந்தையரால் இயலாதபோது பாட்டியோ, மூத்த சகோதரியோ, உறவினரோ, பக்கத்து வீட்டாரோ, ஆசிரியரோ அந்த இடத்தில் நின்றார்கள். அப்பிள்ளையின் கதை எழுதப்படும்போது பிள்ளையின் பெயர் வரும். அந்தப் பாட்டியின் பெயர் வராது. ஆயினும் அவள் இல்லாமல் அந்தக் கதையே இல்லை.

புகழ்ச்சி எப்போது குற்றமாகிறது?

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரைகளைச் சூறையாடிய சில வாரங்களில், 2005 ஜனவரியில், ஜப்பானின் கோபே நகரில் உலக நாடுகள் கூடின. பேரிடர்களைத் தாங்கி மீளும் திறனை நாடுகளிலும் சமூகங்களிலும் வளர்ப்பது என்று, ஹியோகோ என்னும் மாநிலப் பெயரால் வழங்கும் பத்தாண்டுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டன. முன்னெச்சரிக்கை, உறுதியான கட்டடம், பயிற்சி ஆகியவற்றை வற்புறுத்திய நல்ல முயற்சி அது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனாப் புயல் தாக்கியது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்து நகரின் பெரும்பகுதி மூழ்கியது. அச்சுவர்களின் அமைப்பிலேயே குறை இருந்ததைப் பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆண்டுகள் சென்றபின் அந்நகரில் ஒரு சுவரொட்டி தோன்றியது. எங்களை மீள்திறன் மிக்கவர்கள் என்று அழைப்பதை நிறுத்துங்கள் என்பது அதன் கருத்து. அவ்வாறு அழைக்கும்போதெல்லாம், எங்கள் மேல் இன்னொன்றைச் சுமத்தலாம் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள் என்பது அதன் காரணம்.

இதைக் கேட்டு, அப்படியானால் மீண்டவரைப் பாராட்டவே கூடாதா என்று சிலர் வினவலாம். வினா நியாயமானது. துன்பப்பட்டவரை வெறும் இரக்கத்துக்குரியவராக மட்டும் பார்ப்பதும் அவரைச் சிறுமைப்படுத்துவதே ஆகும். இரவு பகலாகத் தைத்துப் பிள்ளைகளை வளர்த்த தாய், தன் உழைப்பை உலகம் மதிக்க வேண்டும் என்று விரும்புவதில் தவறு ஏதும் இல்லை. எல்லாம் சூழ்நிலையின் விளைவே என்று சொல்லிவிட்டால், அவளுடைய மனத்திண்மைக்கும் முயற்சிக்கும் இடமில்லாமல் போகும். மேலும், மரணம், நோய் போன்ற எவராலும் அகற்ற முடியாத சுமைகள் வாழ்வில் உண்டு. அங்கே பொறுமையையும் உறுதியையும் தவிர வேறு துணை அரிது.

ஆகவே குற்றம் பாராட்டில் இல்லை. பாராட்டோடு நின்றுவிடுவதில் இருக்கிறது. சுமை இரு வகை. அகற்ற முடியாதது ஒன்று. அகற்றக்கூடியதாக இருந்தும் அகற்றப்படாதது மற்றொன்று. முன்னதைத் தாங்கியவரைப் புகழ்வது மரியாதை. பின்னதைத் தாங்கியவரைப் புகழ்ந்துவிட்டு, சுமையை அவர் தலையிலேயே விட்டுச் செல்வது அநீதி. அந்தச் சுமையை ஏற்றியவரே புகழவும் வந்தால், அப்புகழ்ச்சி கடனைத் திருப்பாதவன் கடன் கொடுத்தவனின் தாராள மனத்தைப் பாராட்டுவது போன்றது. பங்கைக் கொடுக்காமல் தங்கையின் பொறுமையை மெச்சும் அண்ணனும், கூலியை உயர்த்தாமல் வேலையாளின் சிக்கனத்தை மெச்சும் முதலாளியும் இவ்வகையினரே.

மீள்தலும் மீட்டலும்

ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு குறை உண்டு. அது தானே துள்ளித் திரும்புவதை மட்டுமே சொல்லும். திருப்பிக் கொணர்ந்தவர் ஒருவர் இருந்தால் அவரைச் சொல்ல அதில் இடமில்லை. தமிழ் இங்கே நமக்குத் துணை நிற்கிறது. மீள் என்பது தன்வினை, மீட்பது பிறவினை. நோயிலிருந்து ஒருவன் மீண்டான் என்கிறோம். அடகு வைத்த நகையை மீட்டான் என்கிறோம். கிணற்றில் விழுந்த பிள்ளையை மீட்டார்கள் என்கிறோம். மீண்டவரும் மீட்டவரும் ஒரே சொல்லின் இரு கைகளைப் போல நிற்கிறார்கள். கவாய்த் தீவின் பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் நீண்ட விளக்கம் தேவைப்பட்ட ஒன்றைத் தமிழ் ஓர் எழுத்து மாற்றத்தில் சொல்லிவிடுகிறது: அவர்கள் மீண்டார்கள், ஏனெனில் யாரோ அவர்களை மீட்டார்கள்.

நமக்கு நன்கு பழகிய அரபுச் சொல் ஒன்றிலும் இவ்விரட்டை இயல்பு இருக்கிறது. தவ்பா என்றால் பாவமன்னிப்புக் கோருதல் என்று பொதுவாகக் கொள்கிறோம். அதன் வேர்ப்பொருள் திரும்புதல். அடியான் இறைவன்பால் திரும்புவதையும், இறைவன் அடியானை நோக்கிக் கருணையோடு திரும்புவதையும் அரபு மொழி ஒரே வினையால் சொல்கிறது. உடன் வரும் இடைச்சொல் மட்டும் மாறுகிறது. முன்னதில் 'இலா', பின்னதில் 'அலா'. அத்தவ்வாப் என்னும் திருநாமமும் இவ்வேரிலிருந்தே வந்தது. திரும்புகிறவன் தனியே திரும்புவதில்லை, அவனை நோக்கியும் ஒரு திரும்புதல் உண்டு என்னும் கருத்து அச்சொல்லுக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

இத்துணையும் பார்த்தபின், ஒருவரை மீள்திறன் உடையவர் என்று சொல்ல வாயெடுக்கும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று. அவர் மீண்டு எங்கே வந்திருக்கிறார், மறுபடி மூழ்கும் அதே தாழ்வான நிலத்துக்கா? அவர் தாங்கிய சுமை அகற்றக் கூடியதா, அகற்ற முடியாததா? அவர் மீண்டபோது மீட்டவராக நம்மில் எவரேனும் அருகில் இருந்தோமா? மூன்றாவது வினாவுக்கு இல்லை என்பது விடையானால், நம் புகழுரை அவருக்குத் தேவையில்லை. நம் கை தேவைப்படுகிறது.

வீட்டிலும் தெருவிலும் ஜமாஅத்திலும் இத்தகையோர் இருக்கிறார்கள். ஓயாமல் தாங்குகிறவர்கள் ஆகையால் அவர்கள் கண்ணில் படுவதில்லை; முறிந்த பிறகே அவர்களைப் பற்றிப் பேச்சு எழுகிறது. முறிவதற்கு முன்னே சுமையில் ஒரு பங்கை இறக்கி வைப்பது நமக்குப் பெருஞ்செலவான செயல் அன்று. மீண்டவரை வாழ்த்துவோம், வாழ்த்தியதும் அவர் தலையில் இன்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.